நாப்பத்தேழாம் நெம்பர் கதவு

உக்காருங்க எல்லாரும். ஏ பாப்பா, சன்னல்ல தலைய நீட்டாத, ரயிலு உன்னையப் பாக்க வரல. ரயில்வே கேட்டு போட்டாச்சு, ரெண்டு கூட்ஸு வண்டி போவோணுமாம், டிரைவரண்ணன் பஸ்ஸு எஞ்சினை நிறுத்திப்போட்டாரு, எஞ்சினே நின்னுபோச்சு, உங்க வாய் நிக்கமாட்டேங்குது. பொறவால சீட்டுல குசுகுசுங்கறது யாரு? பேச்சை நிறுத்துங்க, போனை மடியில கவுத்து வெய்யுங்க, காதை மட்டும் எனக்குக் குடுங்க. கேட்டு தொறக்கறதுக்குள்ள, நான் முன்ன டீ ஊத்தீட்டிருந்த கம்பெனில செவுத்துல ஒரு கதவு வந்த கதைய சொல்லி முடிச்சுப்போடறேன்.

கம்பெனி பேரு வேண்டாம், விடுங்க. பனியன் கம்பெனி, ஆறு லைனு, லைனுக்கு நாப்பது மிஷினு. அங்க எல்லாத்துக்கும் ஒரே சாவி, அந்தச் சாவி நம்ம கட்டைவெரலு. கேட்டுல வெரல வெச்சா கேட்டு தொறக்கும், பஸ்ஸுல வெச்சா சீட்டு வரும், கேன்டீன்ல வெச்சா தட்டு வரும், லீவு கேக்கோணும்னாலும் வெரலு, ஏன், குடிக்கத் தண்ணி புடிக்கோணும்னாலும் வெரலுதான், எவனோ கேனோட ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டான்னு அதுக்கும் ஒரு மிஷினு மாட்டீட்டாங்க. இந்த வெரலு இன்னாரோடதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கறது மாடியில இருக்கற ஒரு பொட்டி, அதுக்குப் பேரு ஒத்தச்சாவி. கேட்டு, பஸ்ஸு, கேன்டீனு, தண்ணி எல்லாம் அந்தப் பொட்டிகிட்ட, ஐயா சாமி, இது யாரு வெரலுங், உள்ள விடலாமாங்னு கேட்டுட்டு நடந்துக்கும். அப்படிக் கேக்கற ஒவ்வொண்ணுக்கும் கிளையண்ட்டுன்னு பேரு. எனக்கு இவ்வளவுதான் தெரியும், இதுக்கு மேல கேட்டீங்கன்னா பொய்தான் சொல்லுவேன்.

அந்த ஒத்தச்சாவிக்குக் காவலு தனபாலு. மாடியில கண்ணாடி ரூமுல ஏசிக்குள்ள உக்காந்திருப்பாப்ல, கழுத்துல ஒரு கர்ச்சீப்பு, நான் டீ கொண்டுபோனா மொதல்ல மோந்து பாத்துட்டுத்தான் வாங்குவாப்ல, எதையும் மோந்து பாக்கற புத்தி. அவரு சம்சாரம் கோகிலவாணி கீழ ஆறாவது லைன்ல ஓவர்லாக் மிஷினு ஓட்டுது. பேரு வெச்சவங்க என்ன நெனைச்சு வெச்சாங்களோ, அந்தப் புள்ள வாயில இருந்து ம்முங்கறதுக்கு மேல ஒரு எழுத்து வந்து ஒருத்தரும் கேட்டதில்ல. தனபாலு ஊடும் என்ற ஊடும் ஒரே காம்பவுண்டு, நடுவால ஒத்தைக்கல்லு செவுருதான், அதுனால சாயங்காலம் அங்க நடக்கற விசாரணை முச்சூடும் என்ற காதுல விழுகும். கேளுங்க, தனபாலு மாதிரியே பேசறேன், மூக்கை இப்படி மேல தூக்கிக்கோணும்.

"ஏனு கோகிலா, இன்னைக்கு தயிரு வாங்கலியாட்ட இருக்குது."

"ம்."

"பதினொண்ணு இருவத்தொண்ணுக்குத் தண்ணி புடிச்சிருக்கற. பதினொண்ணு இருவதுக்கு அதே எடத்துல கட்டிங் மாஸ்டரு தண்ணி புடிச்சிருக்கறாரு."

"ம்."

"தண்ணி சில்லுன்னு இருந்துச்சா?"

"ம்."

இப்படி. கண்ணாடி ரூமுல உக்காந்துட்டே பொண்டாட்டி எந்த நிமிசம் எங்க இருந்தா, எத்தனை பூரி தின்னா, எந்த சன்னலோரம் உக்காந்து வந்தா, எல்லாம் அவருக்கு எழுத்துல வந்துரும். மத்தவனுக்கெல்லாம் சந்தேகம் வந்தா ஊருக்குள்ள விசாரிக்கோணும், இவரு ஒரு பட்டனை அமுக்குனாப் போதும். அப்படியும் அவருக்குப் பத்தல. பூரிக் கணக்குக்கும் பஸ்ஸு கணக்குக்கும் நடுவால இருக்கற எடத்துல எவனோ ஒருத்தன் நின்னுட்டிருக்கறான்னே நெனைச்சுட்டிருந்தாப்ல.

அப்ப ஒரு நாளு ஹெச்ஆர் பிரிட்டோ சாரு கண்ணாடி ரூமுக்கு வந்தாரு. நாரோயில் பக்கத்து ஆளு, பேச்சு இப்படித்தான் வரும்.

"வே தனபாலு, லிஸ்ட்ல அறுவத்தொரு கிளையண்ட் கெடக்கு. உசுரோட இருக்கது இருவதுகூட தேறாது. செத்துப்போன கிளையண்ட் வழியா எவனாம் உள்ள பூந்துட்டாம்னா யாருவே பதில் சொல்லுகது? ஆடிட்டுக்கு முன்னால எல்லாத்தையும் கூட்டித் தள்ளும். ஆனா பாத்துத் தள்ளும்."

பாத்துத் தள்ளறதுக்கு ஒரு முறை இருக்குதுங்க. எடுத்த எடுப்புல அழிக்கக் கூடாது. மொதல்ல ஆஃப் பண்ணி வெக்கோணும். ஆஃப் பண்ணுனது திரும்பி வரும், அழிச்சது வராது. ஆஃப் பண்ணி வெச்சுட்டு காதைத் தீட்டீட்டு உக்காந்துக்கோணும். எங்கிருந்தாவது ஒருத்தரு, ஐயோ என்ற கிளையண்ட்டக் காணமேன்னு கத்துனா, அதுக்கு ஆளு இருக்குதுன்னு அர்த்தம், திருப்பி ஆன் பண்ணீரலாம். ஒரு மாசம் ஒருத்தரும் கத்தலைன்னா ஆளில்லைன்னு அர்த்தம், அழிச்சுப்போடலாம். பெரிய பெரிய கம்பெனிலயே இப்படித்தான் செய்யறாங்களாம், தனபாலு டீ குடிச்சுட்டே பெருமையாச் சொன்னாப்ல. வாயால போய்க் கேட்டா என்னங்னு நான் கேட்டேன். இத்தனை பேருகிட்ட எவன் போய்க் கேக்கறதுன்னாப்ல. சரீன்னு நானும் டம்ளரை எடுத்துட்டு வந்துட்டேன்.

அப்பறம் பாக்கோணுமே கம்பெனியை. பஸ்ஸு கிளையண்ட்ட ஆஃப் பண்ணுனாரு, ரெண்டே நிமிசத்துல கேட்டுல இருந்து டிரைவர் கத்துன கத்துல காக்கா பறந்துச்சு. காய்ச்சல் பாக்கறதுக்குன்னு எப்பவோ வெச்ச கிளையண்ட்ட ஆஃப் பண்ணுனாரு, ஒருத்தரும் கண்டுக்கல, அழிச்சாச்சு. பொறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்ற கிளையண்ட்டு ஒண்ணு, இருவத்தொம்பது நாளு ஒரு சத்தமில்ல, நாளைக்கு அழிச்சரலாம்னு இருந்தப்ப கட்டிங் மாஸ்டருக்குப் பொறந்தநாளு வந்துருச்சு. மனுசன் கத்திரியோட மாடிக்கு வந்து, எனக்கு வாழ்த்துச் சொல்ல இந்தக் கம்பெனில ஒரு நாதியில்லியான்னு கண்ணுல தண்ணி விட்டுட்டாரு. திருப்பி ஆன் பண்ணி, ஒரு வாழ்த்தை அனுப்பிச்சு, ஆளைச் சமாதானம் பண்ணிக் கீழ தாட்டி விட்டோம்.

இப்படி ஒவ்வொண்ணாப் பாத்துட்டு வந்தவரு நாப்பத்தேழாம் நெம்பருக்கு வந்தாரு. அதுக்குப் பேரு இல்ல. யாரு போட்டாங்கன்னு இல்ல, எப்ப போட்டாங்கன்னு இல்ல. ஆனா உசுரு இருக்குது. தெனமும் ஒரே ஒருக்கா தொறக்குது, பத்து முப்பத்தாறுக்குத் தொறந்து பத்து நாப்பதுக்கு மூடுது, டீ டைம்ல, லீவு கேக்கறதுக்குன்னு ஆறாவது லைன் செவுத்துல ஒரு தட்டை கம்ப்யூட்டரு தொங்குது, அதுல. ஒரே ஒரு வெரலு. கோகிலவாணி வெரலு.

நான் வெச்ச டீ ஆடை கட்டிப்போச்சுங்க. மனுசன் அதைத் தொடல. மத்த கிளையண்ட்டுல எல்லாம் உள்ள போயி என்ன பண்ணுனாங்கன்னு வரும், பூரியா தயிரா சன்னலோரமான்னு வரும். இதுல உள்ள போனது இருக்குது, வெளிய வந்தது இருக்குது, நடுவால நாலு நிமிசம் வெள்ளையா இருக்குது.

"நாலு நிமிசம்டா," ன்னாப்ல என்னையப் பாத்து. "தெனமும் நாலு நிமிசம். வருசத்துக்கு எவ்வளவு ஆச்சு?"

எனக்கு அவ்வளவு கணக்கு வராதுங்க, டீ சூடு பண்ணிக் கொண்டாரட்டுங்களான்னேன்.

கேட்டிருக்கலாம். ஒரே ஊட்டுல, ஒரே பாயில படுத்திருக்கற பொம்பளை. கோகிலா, அது என்ன கண்ணுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்தக் கதையே இல்ல, நானும் உங்களுக்கு வேற கதை சொல்லீட்டிருப்பேன். தனபாலு கேக்கல. கிளையண்ட்டுக்குப் பாக்கற முறைய பொண்டாட்டிக்கும் பாத்தாப்ல. நாப்பத்தேழை ஆஃப் பண்ணீட்டு, கத்தறாளான்னு காதைத் தீட்டீட்டு உக்காந்துட்டாப்ல. அன்னைக்கு சாயங்காலம் செவுத்துக்கு அந்தப்பக்கம் நானும் காதைத் தீட்டீட்டு உக்காந்திருந்தேன், பொய் சொல்லல. கரண்டி சத்தம் கேட்டுச்சு, தண்ணி ஊத்தற சத்தம் கேட்டுச்சு, ம்முனு ரெண்டு தடவை கேட்டுச்சு, அவ்வளவுதான்.

அடுத்த நாளு காத்தால ஆறாவது லைன்ல, மணல் பக்கெட்டுக்கும் நோட்டீஸ் போர்டுக்கும் நடுவால, செவுத்துல ஒரு கதவு இருந்துச்சு.

இளம்பச்சைப் பெயிண்ட்டு, இரும்புத் தாழ்ப்பாளு, கீழ ஒரு மூலையில கொஞ்சம் பேந்திருந்துச்சு. செவுத்துக்கு அந்தப்பக்கம் பாயிலரு மேடை, அங்க போயிப் பாத்தா வெறும் சிமிட்டிச் செவுருதான், கதவும் இல்ல, பொத்தலும் இல்ல. கூட்டற ஆயா வந்துச்சு, கதவுக்கு முன்னாலயும் கூட்டீட்டுப் போச்சு. லைன் சூப்பர்வைசரு ருக்குமணியக்கா வந்துச்சு, மேல கீழ பாத்துட்டு, "வெக்கறதுதான் வெச்சாங்க, கொக்கி நாலு வெச்சிருந்தா எல்லாரும் பையை மாட்டலாமில்ல" ன்னுட்டு தாழ்ப்பாள்ல தன்ற சோத்துப் பையை மாட்டுச்சு. பத்து முப்பத்தாறாச்சு. கோகிலவாணி டீ டம்ளரைக் கழுவி வெச்சுது, கதவுகிட்டப் போச்சு, பையை எடுத்துப் பக்கத்து ஸ்டூல்ல வெச்சுது, வெரலை வெச்சுது, உள்ள போச்சு, கதவு மூடிக்கிச்சு. பத்து நாப்பதுக்கு வெளிய வந்துச்சு, பையைத் திருப்பி மாட்டுச்சு, மிஷின்ல உக்காந்து காலை வெச்சுது. ருக்குமணியக்கா கொட்டாவி விட்டுச்சு. அவ்வளவுதான் நடந்துச்சு.

அதுக்கப்பறம் கதவு கம்பெனியோட ஒண்ணாயிருச்சு. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை மிஷினுக்குப் பொட்டு வெக்கறப்ப கதவுக்கும் ரெண்டு பொட்டு வெச்சாங்க. பெயிண்ட்டரு வந்து பேந்த மூலைக்குப் பட்டி பாத்து விட்டாரு, மறாநாளு மறுக்கா பேந்திருந்துச்சு, சரி அதுக்கு அப்படித்தான் புடிக்குதாட்டன்னு விட்டுட்டாரு. யூனியன்காரரு வந்து, ஒரு லைனுக்கு மட்டும் கதவு குடுக்கறது பாரபட்சம், ஆறு லைனுக்கும் கதவு வேணும்னு மனு எழுதிக் குடுத்தாரு. பிரிட்டோ சாரு அந்த மனுவ வாங்கி, பரிசீலனையில இருக்குன்னு சீல் அடிச்சுத் திருப்பிக் குடுத்தாரு.

ஆனா பொறாமை வந்துச்சுங்க. அது பெருகுன மாதிரி நம்மூரு ஆத்துல தண்ணி பெருகி நான் பாத்ததில்ல. மொதல்ல பக்கத்து மிஷினுக்காரிக்கு வந்துச்சு, பொறவு லைனுக்கு வந்துச்சு, பொறவு அஞ்சாவது லைனு நாலாவது லைனுன்னு துணி போற வழியிலயே போயி, பேக்கிங்குல மடிச்சுப் பொட்டியில போடற வரைக்கும் போச்சு. டீ டைம்ல டீயக் குடிக்காம வரிசையா நின்னு எல்லாரும் அந்தக் கதவுல வெரல வெச்சுப் பாத்தாங்க. கட்டைவெரலு வெச்சாங்க, சுண்டுவெரலு வெச்சாங்க, ஒருத்தி எண்ணெய் தடவீட்டு வந்து வெச்சா. கதவு யாரையும் உள்ள விடல. நானும் வெச்சுப் பாத்தேன். இருவது வருசமா இந்தக் கையில டீ ஊத்திக் குடுத்திருக்கறேன், நம்மளையாவது விடுமின்னு நெனைச்சேன். விடல.

உள்ள என்ன இருக்குதுங்கறதுக்கு ஆளுக்கு ஒரு கதை. உள்ள ஒரு ஃபேனு இருக்குது, அவ தலைக்கு மேல மட்டும் சுத்துதுன்னுச்சு ருக்குமணியக்கா, அக்காவுக்கு வேர்வை சாஸ்தி. உள்ள ஒரு மெத்தை இருக்குதுன்னா ரெண்டு சிஃப்ட்டு பாக்கற ஒரு புள்ள. உள்ள ஒரு கூட்டமே உக்காந்துட்டு அவளுக்குக் கைதட்டுதுன்னாரு கட்டிங் மாஸ்டரு. பிரிட்டோ சாருகூட சும்மா இருக்கலைங்க. "பதினாலு வருசமா கேக்கேன், எனக்கு ஒரு கதவு வச்ச ரூமு தரல, தட்டிதான் வச்சுத் தந்தானுவ. ஓவர்லாக் அடிக்கவளுக்குக் கதவு" ன்னு டீயை ஊதி ஊதிக் குடிச்சாரு. ஊட்டுல இருக்கற ஆம்பளைங்க கேள்விப்பட்டு, அவனவன் பொண்டாட்டி படுக்கற பக்கத்துச் செவுத்தைத் தட்டித் தட்டிப் பாக்க ஆரம்பிச்சாங்க. எங்கூட்டுல நான் தட்டல. என்ற சம்சாரம் தட்டுச்சு, நான் படுக்கற பக்கம் கதவு இருக்குதான்னு. இல்லைன்னு தெரிஞ்சதும் அதுக்கு ஒரு நிம்மதி, எனக்கு ஒரு வருத்தம்.

இத்தனை பேரு பொறாமையும் ஒரு தட்டுல வெச்சு, தனபாலு பொறாமைய இன்னொரு தட்டுல வெச்சா, தனபாலு தட்டு தரையில இடிக்குமுங்க. கண்ணாடி ரூமை விட்டுட்டுக் கீழ வந்து, கதவுக்கு நேரா ஸ்டூலு போட்டு உக்காந்துட்டாப்ல. அவ வெளிய வந்தா மூக்கை மேல தூக்கி மோந்து பாப்பாப்ல, பீடி வாசம் இருக்குதா, பவுடரு வாசம் இருக்குதான்னு. பஞ்சு வாசம்தான் இருக்கும், உள்ள போறப்ப இருந்த அதே பஞ்சு வாசம். தலைமுடி கலைஞ்சிருக்குதான்னு பாப்பாப்ல. கலைஞ்சிருக்காது. கலையாம இருக்கறதுதான் சந்தேகமா இருக்குதுன்னு என்றகிட்டச் சொல்லுவாப்ல. நாப்பத்தேழைத் திருப்பி ஆன் பண்ணிப் பாத்தாரு, கதவு போயி வெறுஞ்செவுரு ஆயிருச்சு, அவ பழையபடி தட்டை கம்ப்யூட்டர் முன்னால போயி வெரலை வெச்சு நின்னா. பொறவால போயி எட்டிப் பாத்தாரு. வெள்ளையா ஒரு பக்கம், ஒரு எழுத்தில்ல, ஒரு படமில்ல, அதைப் பாத்துட்டு நாலு நிமிசம் நின்னா. வெள்ளைப் பக்கத்துமேல பொறாமைப்பட்ட மனுசனை நான் அன்னைக்குத்தான் பாத்தேன். இதுக்குக் கதவே தேவலை, காவலுக்காவது உக்காரலாம்னுட்டு மறுபடியும் ஆஃப் பண்ணீட்டாப்ல.

ஒருநாளு அவ சுருக்குப்பையில போனை ரெக்கார்டு போட்டு ஒளிச்சு வெச்சுட்டாப்ல. சாயங்காலம் என்னைய மாடிக்குக் கூட்டீட்டுப்போயி, காதுல ஒயரை மாட்டி விட்டு, கேளுடான்னாப்ல. கேட்டேன். கதவு சாத்தற சத்தம். அப்பறம் ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லைன்னா எங்க கம்பெனில ஒருத்தரும் கேக்காத ஒண்ணுமில்ல, எரநூத்திநாப்பது மிஷினு ஓடற எடத்துல மிஷினு சத்தமே இல்ல. கடைசியில நீளமா ஒரு மூச்சு விடற சத்தம்.

"அது யாரு மூச்சு?" ன்னாப்ல.

"உங்கூட்டு அம்மிணி மூச்சாட்டத்தான் இருக்குதுங்."

"அவ அப்படி மூச்சு விட்டு நான் கேட்டதே இல்லடா. பதினோரு வருசத்துல."

நான் ஒயரைக் கழட்டிக் குடுத்துட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அந்த மூச்சுக்கு யாரு காரணம்னு தெரிஞ்சுக்காம மனுசன் அன்னைக்குச் சோறு உங்கல.

அந்தப் பொட்டி வித்தவங்களுக்குப் போன் போட்டாப்ல. மெட்ராஸுல ஒரு தம்பி எடுத்துச்சு, ஸ்பீக்கருல போட்டிருந்தாரு.

"சொல்லுங்க சாரு. டிஸேபிள் பண்ட்டீங்களா? கதவு வந்துச்சா? இன்னா வெர்சன் சாரு? ஆங், அந்த வெர்சன்ல வரும் சாரு, ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. போவலியா? அப்ப டிலீட்தான். ஆனா சாரு, ஒண்ணு சொல்லிடறேன், டிலீட் அடிச்சீங்கன்னா போனது போனதுதான். உள்ள இன்னா இருந்தாலும் அதோட போயிரும், நாங்க இங்கருந்து தலைகீழா நின்னாலும் எடுத்துத் தர முடியாது. அதனால அடிக்கறதுக்கு முன்னாடி உள்ள ஆரும் இல்லைன்னு பாத்துக்கினு அடிங்க. வேற எதுனா ஹெல்ப் வேணுமா சாரு?"

தனபாலு மொகத்துல அன்னைக்குத்தான் ஒரு வெளிச்சம் வந்துச்சு. உள்ள இருக்கறவன் அதோட போயிருவான். நல்லா பாத்துக்கங்க, அவருக்கு அப்ப ஞாபகம் வந்தது அவன் மட்டுந்தான்.

அந்த நேரத்துல ஆடிட்டும் வந்து சேந்துச்சு. துணி வாங்கறவங்க சார்புல ஒரு வெள்ளைக்காரம்மா, கூட மொழிபெயர்க்கறதுக்கு ஒரு பொண்ணு. அந்தம்மா கதவைப் பாத்துச்சு, எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்கல, வந்ததைப் பத்தி அதுக்கு ஒண்ணுமில்ல. கதவுன்னு ஒண்ணு இருந்தா தீப்புடிச்சா எல்லாரும் அது வழியா ஓடோணும், இது ஏன் ஒருத்தருக்கு மட்டும் தொறக்குதுன்னுச்சு. தாழ்ப்பாள்ல ஏன் சோத்துப் பை தொங்குதுன்னுச்சு. கதவுக்கு முன்னால மஞ்சக்கோடு எங்கன்னுச்சு. கடைசியில எழுதிக் குடுத்துட்டுப் போயிருச்சு, எல்லாருக்கும் தொறக்கற கதவு இருக்கலாம், இல்லைன்னா கதவே இருக்கக் கூடாது, வியாழக்கெழமை திரும்பி வருவேன்னு.

எல்லாத்து பேரையும் நாப்பத்தேழுல சேத்து விட்டரும்வே, எல்லாவனும் போயிட்டு வரட்டும்னாரு பிரிட்டோ சாரு. தனபாலு மாட்டேன்னுட்டாப்ல. எரநூத்திநாப்பது பேரை உள்ள விட்டா அவன் கூட்டத்தோட கூட்டமா வெளிய நழுவிருவானாம். அழிக்கறதுதான்னு முடிவாச்சு. சொன்னா கேவலந்தான், அந்த முடிவு எங்க எல்லாத்துக்கும் புடிச்சிருந்துச்சு. எனக்கில்லாத கதவு அவளுக்கு எதுக்குன்னு வாயால ஒருத்தரும் சொல்லல, ஆனா அன்னைக்கு டீக்கு எல்லாரும் சர்க்கரை சாஸ்தியாக் கேட்டு வாங்குனாங்க. கோகிலவாணிகிட்ட மட்டும் ஒருத்தரும் போயி இன்ன மாதிரின்னு சொல்லல. நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்துச்சு, அதைப் பாத்துத்தான் அதுக்குத் தெரியும். பாத்துட்டு மிஷின்ல போய் உக்காந்துச்சு.

வியாழக்கெழமை பத்து முப்பத்தாறு. கோகிலவாணி டம்ளரைக் கழுவி வெச்சுட்டு உள்ள போயிருச்சு. கதவு மூடுனதும் தனபாலு துணித் தள்ளுவண்டியில லாப்டாப்ப வெச்சுத் தள்ளீட்டு வந்தாப்ல. பின்னாலயே பிரிட்டோ சாரு ஒரு தாளோட. அது அவரு போட்ட ஃபாரம், அழிக்கறதுக்கு முன்ன நிரப்போணும், நெம்பரு, ஆஃப் பண்ணுன தேதி, கத்துனாங்களா இல்லியா, உள்ள ஆளு இருக்குதா இல்லியான்னு கட்டங்கட்டமா. ஒவ்வொரு மிஷினா நின்னு, ஆறு லைனும் வந்து கூடிருச்சு. நானும் கெட்டிலைத் தூக்கீட்டு முன்னால போயி நின்னேன், எனக்கு உயரம் பத்தாது.

தனபாலு கதவை ரெண்டு தட்டுத் தட்டுனாப்ல.

"கோகிலா, நான்தான். அழிக்கப் போறேன். ரெண்டு பேரும் வெளிய வந்துருங்க."

ரெண்டு பேருன்னதும் கூட்டம் அப்படியே ஒரு அடி முன்னால வந்துச்சு.

கதவு தொறக்கல. தனபாலு பட்டன்மேல வெரலைக் கொண்டுபோனாப்ல. அதே கட்டைவெரலு. ருக்குமணியக்கா, "ஏனுங் சாரு, உள்ள ஆளை வெச்சுட்டு அமுக்கிப்போடாதீங்" ன்னுச்சு, அந்தக்காவோட கொரலு அவ்வளவு மெதுவா நான் கேட்டதில்ல. "உள்ள ஆளு இருக்கறதுனாலதானக்கா அமுக்கறது" ன்னாப்ல தனபாலு. சொல்லீட்டாப்லயே ஒழிய, அப்பத்தான் அந்த மெட்ராஸு தம்பி சொன்னதுல மீதி அவருக்கு ஒறைச்சிருக்கோணும். அவன் போனா கூட அவளும் போவா. வெரலு பட்டன்மேலயே நிக்குது, கழுத்துக் கர்ச்சீப்பு நனைஞ்சுபோச்சு. முன்னால போகவும் முடியல, பின்னால எடுக்கவும் முடியல, எடுத்தா அவன் ஜெயிச்சுருவான். எரநூத்திநாப்பது மிஷினும் நின்ன அந்தக் கூடத்துல நாங்க எல்லாரும் அந்த வெரலைப் பாத்துட்டே நின்னோம், நாலு நிமிசம் எவ்வளவு நீளம்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எங்க எல்லாத்துப் பொறாமையும் அந்த நாலு நிமிசத்துல கொஞ்சங் கொஞ்சமா வத்தி, ஐயோ அந்தப் புள்ள வெளிய வந்தாப் போதுமுங்கற எடத்துக்கு வந்துருச்சு.

பத்து நாப்பதுக்குக் கதவு தொறந்துச்சு. எல்லாரும் எட்டிப் பாத்தோம், கோகிலவாணி வந்து நின்னதுல அது முந்தானைதான் தெரிஞ்சுது, பின்னாலயே கதவைச் சாத்திருச்சு. கூட்டத்தைப் பாத்துச்சு, தள்ளுவண்டியப் பாத்துச்சு, பட்டன்மேல இருந்த வெரலைப் பாத்துச்சு.

"இன்னொருத்தன் எங்க?" ன்னாப்ல தனபாலு.

அது முந்தானையை இடுப்புல சொருகீட்டு மிஷினைப் பாத்துத் திரும்புச்சு.

பிரிட்டோ சாரு தொண்டையச் செருமீட்டு, "ஒரு நிமிசம்வே" ன்னு ஃபாரத்தைத் தூக்கிக் கண்ணாடிகிட்டப் புடிச்சாரு. "இதுல கடைசிக் கட்டம் ஒண்ணு காலியாக் கெடக்கு. அறுவத்தொண்ணுலயும் காலியாத்தான் கெடக்கு. உபயோகிக்கவங்ககிட்ட கேட்டாச்சான்னு போட்டிருக்கு. நாந்தான் போட்டேன், நானே மறந்துட்டேன். ஏம்மா, ஒங்ககிட்ட கேட்டாங்களா?"

அது தலைய இப்படி ஆட்டுச்சு, இல்லைன்னு.

"அதெல்லாம் கெடக்கட்டுங் சாரு," ன்னாப்ல தனபாலு, வெரலை மட்டும் பட்டன்மேல இருந்து எடுக்கல. "ஆறு லைனும் நிக்குது. இத்தனை பேரு முன்னால சொல்லட்டும். உள்ள யாரு இருக்கறா? யாரு கோகிலா உள்ள?"

கோகிலவாணி கையில ஒட்டியிருந்த பஞ்சை ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டுச்சு. அப்பறம் புருசன் மொகத்தைப் பாத்து, பக்கத்துல நின்ன எனக்கே குனிஞ்சாத்தான் கேக்கற கொரல்ல சொல்லுச்சு:

"உள்ள ஒருத்தருமில்லீங். அழிக்கறதா இருந்தா மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லீருங், நான் உள்ள போயி உக்காந்துக்கறேன்."